லித்துவேனியாவின் மூவண்ணக் கொடியும் வெள்ளைக் குதிரைவீரனும்: ஒரு நாட்டுக்கு எதற்கு இரண்டு கொடி?

கரிசல்நிலத்தான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே.

கொடிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாம் பெரும்பாலும் பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் என்று பெரிய இடங்களிலேயே நின்றுவிடுகிறோம். பால்டிக் கடலோரத்தில் முப்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் லித்துவேனியாவுக்கு ஓர் இழை திறக்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. அங்கே தேசியச் சின்னம் என்பது பேசி முடித்த விஷயமே இல்லை. 1905-ல் தொடங்கிய வாதம் ஏதாவது ஒரு வடிவில் இன்றுவரை நடக்கிறது.

மேலே மஞ்சள், நடுவில் பச்சை, கீழே சிவப்பு. இதற்கு என்ன பொருள் என்று தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: மஞ்சள் சூரியன், பச்சை காடும் வயலும், சிவப்பு நாட்டுக்காகச் சிந்திய ரத்தம். அங்குள்ள பிள்ளைகளும் பள்ளியில் இப்படித்தான் படிக்கிறார்கள். ஆனால் கொடி பிறந்த கதையைப் படித்தால் அதில் தறியும் துணியும், இரண்டு ஓவியர்களும், ஒரு மருத்துவரும், ஒரு குழுவின் கூட்டக் குறிப்பும்தான் இருக்கின்றன. ரத்தம் பிற்பாடு வந்து சேர்ந்த விளக்கம்.

1905 டிசம்பரில், ரஷ்யப் பேரரசு ஆட்டம் கண்டிருந்த நேரத்தில், சுமார் 2000 பேர் வில்னியஸில் கூடினார்கள். வில்னியஸ் மாமன்றம் என்று வரலாற்றில் பெயர். அதன் மைய மனிதர் யோனாஸ் பசனாவிச்சியுஸ். தொழிலால் மருத்துவர், 1883-ல் ‘அவுஷ்ரா’ என்ற இதழைத் தொடங்கியவர். கொடி என்ற பேச்சு வந்தபோது அவர் விரும்பியது பழைய அரசின் கொடியை: சிவப்புத் துணியில் வாளோங்கிய வெள்ளைக் குதிரைவீரன். அந்த வீரனுக்கு வீத்திஸ் என்று பெயர்.

அது எடுபடவில்லை. முதல் தடை, அந்தக் குதிரைவீரன் மாபெரும் லித்துவேனிய சிற்றரசு (ஆங்கிலத்தில் Grand Duchy) என்ற அந்தப் பழைய அரசின் முத்திரை. இன்றைய பெலாரஸும் உக்ரைனின் பெரும்பகுதியும் ஒருகாலத்தில் அந்த அரசுக்குள் இருந்தவை. புதிதாக எழுந்த தேசிய இயக்கத்தாருக்கோ மொழியால் லித்துவேனியரான மக்களுக்கு ஒரு தனி அடையாளம் வேண்டியிருந்தது. அடுத்து, முழுச் சிவப்பை அதற்குள் புரட்சிக்காரர்கள் கையில் எடுத்துவிட்டார்கள். மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த காரணம்: குதிரை, வீரன், வாள், கேடயம் எல்லாவற்றையும் ஒரு சாதாரண வீட்டில் உட்கார்ந்து தைக்க முடியாது.

1917 செப்டம்பரில், ஜெர்மானியப் படை ஆக்கிரமித்திருந்த வில்னியஸில் நடந்த மாநாட்டில் பேச்சு மறுபடி எழுந்தது. நாட்டுப்புறத் துணிகளில் அதிகம் காணப்படுபவை என்று பச்சையையும் சிவப்பையும் எடுத்துக்கொண்டார்கள். ஓவியர் அந்தானாஸ் ஷ்முய்ஜினாவிச்சியுஸ் அந்த இரண்டு நிறத்தில் சின்னச் சின்னக் கொடிகள் செய்து மண்டபத்தை அலங்கரித்தார். பார்த்தவர்களுக்கு மனசு ஒப்பவில்லை. இருண்டு கிடக்கிறது என்றார்கள். அப்போது ததாஸ் தௌகிர்தாஸ் ஒரு யோசனை சொன்னார்: நடுவில் மெலிதாக ஒரு மஞ்சள் பட்டை வைக்கலாம். மேலே விடியலில் சிவந்த மேகம், கீழே பச்சை வயல், இடையில் எழும் சூரியன்.

கவனியுங்கள், அந்த யோசனையில் சிவப்பு என்பது மேகம்!

பிறகு பசனாவிச்சியுஸ், ஷ்முய்ஜினாவிச்சியுஸ், தௌகிர்தாஸ் மூவரையும் ஒரு குழுவாக்கினார்கள். 1918 ஏப்ரல் 19 அன்று குழு தன் முடிவை எழுதிக் கொடுத்தது. வரிசை மாறி மஞ்சள் மேலே போனது, பட்டைகள் சம அகலமாயின. ஏப்ரல் 25 அன்று லித்துவேனிய மன்றம் ஏற்றுக்கொண்டது. குதிரைவீரனையும் கொடியில் சேர்க்க வேண்டும் என்று குழு எழுதியிருந்தது. 1922 அரசியல் சட்டத்தில் அது இல்லை, மூன்று நிறம் மட்டும் நின்றது.

என் கருத்தைத் திறந்தே சொல்கிறேன். சிற்றரசர்களின் குதிரைவீரனை அரசுச் சின்னமாக வைத்துக்கொண்டு, குடியானவர் வீட்டுத் துணி நிறத்தைக் கொடியாக்கியது சரியான முடிவு. யாரும் தைக்கக்கூடிய கொடியாக இருந்ததால்தான் சோவியத் காலத்தில் அது உயிர்தப்பியது. உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

---

கௌனாஸ்_கௌரி

அண்ணா, நான் கௌனாஸில் மருத்துவம் படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் இந்தியப் பிள்ளைகள் நிறைய. வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்ட ஒன்றைச் சொல்கிறேன். இங்கே வீட்டுச் சுவர்களில், வாசற்கதவுக்குப் பக்கத்தில், சாய்வாக ஓர் இரும்புக் குழாய் பதித்திருக்கும். குடை செருகவா, விளக்கு மாட்டவா என்று புரியாமல் பார்த்துக்கொண்டு போவேன். பிப்ரவரி 16 காலையில் வெளியே வந்தால் தெரு முழுக்க அந்தக் குழாய்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கொடி. 1918-ல் சுதந்திரம் அறிவித்த நாள் அது. மார்ச் 11-க்கும் ஜூலை 6-க்கும் இதே மாதிரிதான். வீட்டில் கொடி ஏற்றுவதைச் சட்டமே கேட்கிறது என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 14 அன்று அதே கொடி, ஆனால் கம்பத்தின் உச்சியில் கறுப்பு ரிப்பன் கட்டியிருப்பார்கள். 1941-ல் சைபீரியாவுக்கு நாடுகடத்தல் தொடங்கிய நாள். எங்கள் வீட்டுக்கார அம்மா அந்த ரிப்பனைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துத் தனியாக ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார்.

என் கேள்வி இதுதான். வில்னியஸில் சிற்றரசர் மாளிகை மேலும், திராக்காய் ஏரிக் கோட்டை மேலும் மூவண்ணம் இல்லாமல் சிவப்பில் குதிரைவீரன் போட்ட கொடி பறக்கிறது. வேண்டாம் என்று விட்ட கொடி எப்படித் திரும்பி வந்தது?

---

பழங்காசு

தங்கச்சி, அது 2004-ல் வந்தது. கொடிச் சட்டத்தைத் திருத்தி, அந்தச் சிவப்புக் கொடியையும் ‘வரலாற்று அரசுக் கொடி’ என்று அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். அதே திருத்தத்தில்தான் மூவண்ணத்தின் அளவும் மாறியது. அதுவரை ஒன்றுக்கு இரண்டு என்று நீளமாக இருந்தது, மூன்றுக்கு ஐந்து ஆனது. ஜூலை 15, ஜல்கிரிஸ் போர் நாளில், அரசுக் கட்டடங்கள் முன்னாலும் அந்தச் சிவப்புக் கொடியைப் பார்க்கலாம். அதாவது பசனாவிச்சியுஸின் ஆசை 99 வருடம் கழித்து நிறைவேறியது.

நான் நாணயம் சேர்ப்பவன். எனக்குக் குதிரைவீரன் பக்கம்தான் பழக்கம் அதிகம். அவன் வயது மூவண்ணத்துடையதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். 14-ம் நூற்றாண்டில் அரசர்களின் முத்திரைகளில் தோன்றுகிறான். 1380-களில் யொகைலாவின் முத்திரையில் இருக்கிறான், பிறகு வீதௌதாஸிடம் வருகிறான். 1410-ல் ஜல்கிரிஸ் களத்தில் (போலந்தில் கிருன்வால்ட் என்பார்கள்) லித்துவேனியப் படையின் 40 கொடிகளில் 30-ல் குதிரைவீரன் இருந்தான் என்று போலந்து வரலாற்றாசிரியர் யான் துவுகோஷ் எழுதியிருக்கிறார். மீதி 10-ல் கெடிமினாஸ் தூண்கள், அதாவது தூண் வடிவிலான அரச குலச் சின்னம். குதிரை எல்லாக் கொடியிலும் வெள்ளை இல்லை, கறுப்பும் செம்பழுப்பும் புள்ளிக் குதிரையும் உண்டு என்கிறார். நிறம் வெள்ளையாக நிலைத்தது பிற்பாடுதான்.

கேடயத்தில் இருக்கும் இரட்டைச் சிலுவை யொகைலா 1386-ல் ஞானஸ்நானம் பெற்று போலந்து அரசியை மணந்ததோடு தொடர்புடையது. ஐரோப்பாவில் கடைசியாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த அரசு அது. இன்று அந்த நாட்டு விமானப் படை விமானங்களிலும் இதே சிலுவைதான்.

இன்னொரு செய்தி. 1918 முதல் 1940 வரை நாடு சுதந்திரமாக இருந்தும், குதிரைவீரன் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. 1929-ல் ஒரு குழு போட்டார்கள். ஓவியர் ம்ஸ்திஸ்லாவ் தொபுஜின்ஸ்கி தலைமைக் கலைஞர். 16-ம் நூற்றாண்டு முத்திரைகளைத் தேடித் தேடிப் பார்த்து ஐந்து வருடம் வேலை செய்தும் அவர்கள் வரைந்தது சட்டமாகவில்லை. அதற்குள் சிற்பி யூஜாஸ் ஜிகராஸ் 1925 வெள்ளி லித்தாஸ் (அந்நாட்டின் பழைய பணம்) நாணயங்களுக்குச் செய்த குதிரைவீரன் மக்கள் கையில் புழங்கிப் பழகிவிட்டான்.

அந்த ஒரு லித்தாஸ் நாணயம் என்னிடம் இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஜிகராஸின் கை தெரியும். குதிரையின் முன்கால்கள் தரையை விட்டு எழும்பி நிற்கின்றன, வீரனின் உடம்பு குதிரையின் வேகத்தோடு போகிறது, வாள் தலைக்கு மேல். தேய்ந்த காசிலும் அந்த ஓட்டம் போகவில்லை. 1990 மார்ச்சில் சுதந்திரம் திரும்பியபோது முதலில் கையில் எடுத்ததும் இந்த ஜிகராஸ் வடிவத்தைத்தான். இன்றைய வடிவம் அர்விதாஸ் கஜ்தைலிஸ் வரைந்தது, 1991 செப்டம்பர் 4 அன்று ஒப்புதல் ஆனது. 2015 முதல் யூரோ நாணயங்கள் எட்டிலும் குதிரைவீரன்தான், அது அந்தானாஸ் ஜுகௌஸ்காஸின் வடிவமைப்பு.

---

நேர்ப்பேச்சு

கரிசல்நிலத்தான், நல்ல தொடக்கம். ஆனால் ஓரிடத்தில் நான் மறுக்கிறேன்.

‘குடியானவர் வீட்டுத் துணி நிறம்’ என்பதும் ஒரு கட்டுக்கதை மாதிரித்தான் எனக்குப் படுகிறது. பச்சையும் சிவப்பும் ஐரோப்பா முழுக்க எல்லா நாட்டுப்புற நெசவிலும் உண்டு. லித்துவேனியாவிலேயே வட்டாரத்துக்கு வட்டாரம் நிறம் மாறும். ஓவியர்கள் தங்களுக்குப் பிடித்த நிறத்தை எடுத்துவிட்டு மக்கள் பெயரைச் சொன்னார்கள் என்று ஏன் சொல்லக் கூடாது?

அதோடு, குதிரைவீரனைத் தள்ளி வைத்ததற்கு அரசியல் காரணம் இருந்ததை நீங்கள் மென்மையாகச் சொல்லிவிட்டீர்கள். பழைய அரசின் மேட்டுக்குடியினர் 19-ம் நூற்றாண்டில் பெரும்பாலும் போலிஷ் பேசினார்கள். அந்தக் குதிரைவீரனைத் தங்கள் வீட்டுச் சொத்தாகவே நினைத்தார்கள். விவசாயி மகன்கள் நடத்திய புது இயக்கம் அதைக் கொடியாக்கினால் பழைய பண்ணையாருக்கு வழிவிட்டது போலாகும். அந்தப் பயமே முதல் காரணம் என்பேன்.

---

கரிசல்நிலத்தான்

நேர்ப்பேச்சு, இரண்டாவது விஷயத்தில் உங்களோடு எனக்குப் பெரிய முரண் இல்லை. பசனாவிச்சியுஸே விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் அவர்தானே குதிரைவீரனுக்காக வாதாடியவர்? பண்ணையார் பயம் மட்டும் காரணம் என்றால் அவரை எங்கே வைப்பீர்கள்? அவருடைய கணக்கு வேறு. குதிரைவீரனை விட்டுக்கொடுத்தால் அறுநூறு வருட வரலாற்றையே போலந்துக்கு எழுதிக் கொடுத்தது போலாகும் என்பது அவர் தரப்பின் வாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதனால்தான் ஒன்றைக் கொடியாகவும் மற்றதை அரசுச் சின்னமாகவும் வைத்தார்கள்.

நிறம் பற்றி: ஓவியர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் எங்கே போய்த் தேடினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். அரண்மனைக்கும் சர்ச்சுக்கும் போகாமல் பெண்கள் நெய்த இடுப்புப் பட்டையையும் முன்றானைத் துணியையும் பார்த்தார்கள். 1864 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் லித்துவேனிய மொழியை அச்சிடக் கூடாது என்று ரஷ்யா தடை போட்டிருந்தது. நாற்பது வருடம். மொழி எங்கே பிழைத்தது? கிராமத்து வீடுகளில். கொடிக்கு நிறம் தேடி அங்கே போனதில் ஒரு நன்றி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

---

ஏட்டுச்சுவடி

தடை பற்றிப் பேச்சு வந்ததால் தேசிய கீதத்தையும் இங்கேயே சேர்த்துவிடலாம், ஏனென்றால் அது அந்தத் தடையின் நடுவே பிறந்தது.

வின்சாஸ் குதிர்கா, 1858-ல் பிறந்தவர், இவரும் மருத்துவர். இளவயதில் போலிஷ் பேசும் சூழலில் படித்து, லித்துவேனியன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்பட்டவர். பசனாவிச்சியுஸின் இதழ் கையில் கிடைத்த நாளில் உட்கார்ந்து அழுததாக அவரே எழுதியிருக்கிறார். 1889-ல் ‘வார்ப்பாஸ்’ என்ற இதழைத் தொடங்கினார். உள்நாட்டில் அச்சிட வழியில்லை. எல்லைக்கு அப்பால், ஜெர்மானிய ஆட்சியில் இருந்த கிழக்குப் பிரஷ்யாவில் அச்சாகும். அதை இரவில் தலைச்சுமையாகவும் வண்டிக்கடியில் மறைத்தும் எல்லை தாண்டிக் கொண்டுவர ஆட்கள் இருந்தார்கள். பிடிபட்டவர்களுக்குச் சிறை, சைபீரியா. சிலர் எல்லையிலேயே சுடப்பட்டார்கள். புத்தகம் சுமந்தவனுக்குச் சிலை வைத்த நாடு அது. கௌனாஸில் ஜிகராஸ் செய்த அந்தச் சிலையைப் பார்க்கலாம்.

1898-ல் குதிர்கா காசநோயால் மெலிந்து கிடந்தபோது எழுதியது அந்தப் பாட்டு. இசையும் அவருடையதே. அடுத்த வருடம், 40 வயதில், இறந்துபோனார். 1905 மாமன்றத்தில் பாடினார்கள். 1919-ல் தேசிய கீதமானது. அதில் போர் இல்லை, எதிரி இல்லை. பழங்காலத்திலிருந்து வலிமை எடுத்துக்கொள், உன் பிள்ளைகள் நல்வழியில் நடக்கட்டும், சூரியன் இருளை நீக்கட்டும், ஒளியும் உண்மையும் துணை வரட்டும் என்ற வேண்டுதல். 1992 அரசியல் சட்டம் குதிர்காவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று: 1940-ல் நாட்டைப் பிடித்த சோவியத், இடையில் வந்த ஜெர்மானியரை விரட்டி 1944-ல் திரும்பி வந்த பிறகும் 1950 வரை இதே கீதம்தான் சோவியத் லித்துவேனியாவின் கீதம். கொடியை உடனே மாற்றியவர்கள் பாட்டை ஆறு வருடம் விட்டுவைத்தார்கள். அப்புறம் லெனினையும் ஸ்டாலினையும் புகழும் புதுப் பாட்டு வந்தது.

---

வடக்குவாசல்

எல்லாரும் லித்துவேனியாவின் குதிரைவீரன் என்றே எழுதுகிறீர்கள். பெலாரஸ்காரர் ஒருவர் இந்த இழையைப் படித்தால் வருத்தப்படுவார்.

அதே குதிரை, அதே வாள், அதே சிவப்பு. அவர்கள் ‘பஹோனியா’ என்கிறார்கள். மாபெரும் லித்துவேனிய சிற்றரசின் சட்டத் தொகுப்புகள் மூன்றும் (1529, 1566, 1588) ருத்தேனிய மொழியில் எழுதப்பட்டவை. இன்றைய பெலாரஸ் மொழியின் முன்னோடி அது. மக்கள்தொகையிலும் நிலத்திலும் அந்த அரசின் பெரும்பகுதி கிழக்கு ஸ்லாவியர்கள். அப்படியிருக்க அந்தச் சின்னம் லித்துவேனியாவுக்கு மட்டும் சொந்தம் என்பது எந்த நியாயம்? 1918-லும், பின்னர் 1991 முதல் 1995 வரையிலும் பெலாரஸின் அரசுச் சின்னமும் இதுதான். 1995 மே மாதம் அதிபர் லுகாஷென்கோ நடத்திய வாக்கெடுப்பில் தூக்கிவிட்டு, சோவியத் பாணிச் சின்னத்தை மீண்டும் கொண்டுவந்தார்கள். 2020-ல் அவருக்கு எதிரான போராட்டத்தில் பழைய வெள்ளை சிவப்பு வெள்ளைக் கொடியோடு பஹோனியாவையும் பிடித்த பிள்ளைகள் சிறைக்குப் போனார்கள். ஒரு சின்னத்துக்காக இந்தத் தலைமுறையில் அடி வாங்கியவர்கள் அவர்கள்தான்.

---

நேர்ப்பேச்சு

வடக்குவாசல் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். எழுத்து மொழி எது என்பதை வைத்து அரசு யாருடையது என்று முடிவுகட்ட முடியாது. அன்று ஐரோப்பாவில் பாதி நாடுகள் லத்தீனில் எழுதின, அவையெல்லாம் ரோமாபுரியா? அரச குடும்பம் லித்துவேனியக் குடும்பம், முத்திரை அவர்களுடையது. ‘உண்மையான லித்துவேனியர்கள் நாங்கள்தான், வில்னியஸ் எங்கள் நகரம்’ என்று பெலாரஸ் பக்கம் சிலர் பேசும்போது லித்துவேனியாவில் கோபம் வருவது இயற்கை.

---

பழங்காசு

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். 1795-ல் அந்த அரசு துண்டாடப்பட்ட பிறகு குதிரைவீரன் எங்கெல்லாம் போனான் என்று பார்த்தாலே இந்தச் சண்டையின் அளவு புரியும். ரஷ்யச் சக்கரவர்த்தி அவனை எடுத்து வில்னா (வில்னியஸ்) மாகாணச் சின்னத்தில் போட்டுக்கொண்டார். போலந்தில் பியாவிஸ்தோக், ஷெத்ல்ட்சே நகரச் சின்னங்களில் இன்றும் இருக்கிறான். பெலாரஸில் வித்தெப்ஸ்க் பகுதியிலும் இருக்கிறான். ஒரு பெரிய அரசின் முத்திரை என்றால் பல வாரிசு இருக்கத்தான் செய்யும். அண்ணன் தம்பி ஒரே பாகப்பிரிவினைப் பத்திரத்தை ஆளுக்கொரு நகல் வைத்திருப்பது போல.

2020 ஆகஸ்ட் 23 அன்று நடந்ததைச் சொல்கிறேன். பெலாரஸ் மக்களுக்கு ஆதரவாக வில்னியஸ் பேராலய சதுக்கத்திலிருந்து எல்லையில் உள்ள மெதினின்காய் வரை லித்துவேனியர்கள் கைகோத்து நின்றார்கள். முப்பது கிலோமீட்டருக்கும் மேல். 1989-ல் அதே தேதியில் மூன்று பால்டிக் நாடுகளும் சேர்ந்து நின்ற மனிதச் சங்கிலியை நினைவில் வைத்துத்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று மூவண்ணமும் வெள்ளை சிவப்பு வெள்ளையும் அக்கம்பக்கமாகப் பறந்தன. யாருக்குச் சொந்தம் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

---

வடக்குவாசல்

பழங்காசு, இதை நானும் மனதார ஏற்கிறேன். வாரிசுகள் பலர் என்று ஒப்புக்கொண்டால் எனக்கு வேறு வழக்கு இல்லை.

---

வெண்ணாற்றங்கரை

பிள்ளைகளா, அரசர்களையும் போரையும் பற்றியே பேசுகிறீர்கள். அந்த நாட்டுக்குத் தேசிய மலர், பறவை எதுவும் இல்லையா? வயதானவளுக்குச் செடி கொடி பற்றிச் சொன்னால் புரியும்.

---

கௌனாஸ்_கௌரி

இருக்கிறது அம்மா. பறவை வெள்ளை நாரை, 1973-ல் தேர்ந்தெடுத்தது. கிராமங்களில் மின்கம்பத்து உச்சியில் பெரிய பெரிய கூடுகளைப் பார்க்கலாம்.

மலர் ரூதா. சட்டத்தில் எழுதியது இல்லை, ஆனால் நாட்டுப்புறப் பாட்டு எதை எடுத்தாலும் ரூதாத் தோட்டம் வரும். உங்களுக்குத் தெரிந்த செடிதான் அம்மா! நம் ஊர் அருவதா, சதாப்பு இலை என்று குழந்தை மருந்துக்கு வளர்ப்போமே, அதே இனம். சாம்பல் கலந்த பச்சை இலை, சின்ன மஞ்சள் பூ, கசக்கினால் மூக்கில் ஏறும் வாசனை. இங்கே கல்யாணப் பெண்ணின் தலையில் ரூதா வளையம் வைப்பார்கள். கன்னிப் பருவத்தின் அடையாளம் அது, சடங்கின்போது அதை எடுத்துவிடுவார்கள். சந்தையில் ரூதாக் கொத்தை முகர்ந்ததும் எனக்கு எங்கள் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது.

---

வெண்ணாற்றங்கரை

அருவதாவா! எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு புதர் இருந்தது. பிள்ளைக்கு மாந்தம் என்றால் அதைத்தான் தேடுவோம். அது அங்கே மணப்பெண் தலையில் என்றால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. நல்லா இரும்மா.

---

ஏட்டுச்சுவடி

கரிசல்நிலத்தான் தொடக்கத்தில் ‘யாரும் தைக்கக்கூடியது என்பதால் உயிர்தப்பியது’ என்றார். அதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும்.

1940-க்குப் பிறகு மூவண்ணம், குதிரைவீரன், கெடிமினாஸ் தூண்கள் எல்லாமே தடை. 1953-ல் வந்த சோவியத் லித்துவேனியக் கொடியில் பெரும்பகுதி சிவப்பு, அதன்கீழ் மெல்லிய வெள்ளை, அடியில் பச்சை. மஞ்சளை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பிப்ரவரி 16 வந்தால் இரவோடு இரவாக யாராவது ஒரு புகைபோக்கியிலோ மரத்திலோ மூவண்ணத்தைக் கட்டிவிடுவார்கள். அதற்காகச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. கடையில் கிடைக்காத கொடி, மூன்று துண்டுத் துணியும் ஊசி நூலும் இருந்தால் போதும் என்பது அப்போது பெரிய விஷயம். 1905-ல் சொன்ன அந்தத் தையல் காரணம் எவ்வளவு தொலைநோக்கு பாருங்கள்.

1972 மே 14 அன்று கௌனாஸின் சுதந்திர நிழற்சாலை ஓரத்துப் பூங்காவில் ரோமாஸ் கலாந்தா என்ற 19 வயது இளைஞர் தன்மேல் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்துக்கொண்டார். அவர் இறுதிச் சடங்கை அதிகாரிகள் அவசரமாக முடிக்க, நகர இளைஞர்கள் இரண்டு நாள் தெருவில் இறங்கிப் போராடினார்கள்.

1988 ஜூனில் சயூதிஸ் என்ற விடுதலை இயக்கம் பிறந்தது. அந்தக் கோடையில் வில்னியஸ் வின்கிஸ் பூங்காக் கூட்டங்களில் பாட்டி வீட்டுப் பெட்டியடியில் கிடந்த கொடிகளெல்லாம் வெளியே வந்தன. அக்டோபர் 7-ல் வில்னியஸ் கோட்டையின் கெடிமினாஸ் கோபுரத்தில் அதிகாரபூர்வமாக மூவண்ணம் ஏறியது. நவம்பரில் சட்டத்தில் வந்தது. கவனியுங்கள், சோவியத் அரசு இன்னும் இருக்கும்போதே! நாடு சுதந்திரம் அறிவித்தது 1990 மார்ச் 11. கொடி நாட்டுக்கு முன்னாலேயே விடுதலையாகிவிட்டது.

---

மேல்தளம்

விளையாட்டுப் பக்கமும் ஒரு வரி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக். விடுதலைக்குப் பிறகு முதல் முறை தன் கொடியின் கீழ் வந்த கூடைப்பந்து அணி, சபோனிஸும் மர்ச்சியுலியோனிஸும் ஆடியது. வெண்கலப் போட்டியில் முன்னாள் சோவியத் நாடுகளின் கூட்டணியை 82-78 என்று வென்றார்கள். பரிசு வாங்க மேடையேறியபோது முடிச்சுப் போட்டு மஞ்சள் பச்சை சிவப்பில் சாயமேற்றிய சட்டை. அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் அனுப்பியது. காணொளியைத் தேடிப் பாருங்கள், அந்த முகங்களை மறக்க மாட்டீர்கள்.

---

நேர்ப்பேச்சு

எல்லாம் பெருமையாக இருக்கிறது. ஒரு கசப்பான விஷயத்தையும் பேசாவிட்டால் இந்த இழை முழுமையாகாது.

1919 ஜனவரி 1 அன்று கெடிமினாஸ் கோபுரத்தில் முதன்முதலாக மூவண்ணத்தை ஏற்றிய தொண்டர்களுக்குத் தலைமை தாங்கியவர் கஜிஸ் ஷ்கிர்ப்பா. அதனால்தான் ஜனவரி 1 அங்கே கொடிநாள். கோபுரத்துக்கு அருகில் ஒரு பாதைக்கு அவர் பெயரும் வைத்திருந்தார்கள். ஆனால் இதே ஷ்கிர்ப்பா 1940-ல் பெர்லினில் லித்துவேனிய செயல்வீரர் முன்னணியைத் தொடங்கியவர். அதன் துண்டறிக்கைகள் யூதர்களை நாட்டைவிட்டே வெளியேற்ற வேண்டும் என்று பேசின. அடுத்த வருடம் நாஜிப் படை வந்த பிறகு லித்துவேனிய யூதர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். உள்ளூர்க்காரர்களின் கையும் அதில் இருந்தது.

2019 ஜூலையில் வில்னியஸ் நகர மன்றம் அந்தப் பாதையின் பெயரை ‘மூவண்ணப் பாதை’ என்று மாற்றியது. எதிர்ப்பும் ஊர்வலமும் நடந்தன. கொடியேற்றிய கையை மறப்பதா என்று ஒரு தரப்பு. அந்தக் கை பின்னால் என்ன எழுதியது என்று மறு தரப்பு. கரிசல்நிலத்தான், உங்கள் நிலை என்ன?

---

கரிசல்நிலத்தான்

கேட்டது நல்லது. மாற்றியது சரி என்பது என் நிலை. 1919-ல் அவர் செய்ததை வரலாற்றுப் புத்தகத்தில் ஓர் எழுத்துக் குறைக்காமல் எழுதலாம். தெருப்பெயர் வேறு விஷயம், அது மரியாதை. தங்கள் குடும்பம் முழுவதையும் பறிகொடுத்தவர்களின் வாரிசுகள் அந்த வழியாக நடக்கும்போது அந்தப் பெயரைப் படிக்க வேண்டுமா? வைத்த புதுப் பெயர் எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. ஆளை எடுத்துவிட்டு, அவர் ஏற்றிய கொடியின் பெயரையே வைத்தார்கள். அந்த நாளின் நினைவும் போகவில்லை.

சின்னத்தைப் பற்றிய சண்டை இன்னொரு சதுக்கத்திலும் நடந்தது. வில்னியஸ் லுகிஷ்கேஸ் சதுக்கத்தில் 1952 முதல் லெனின் சிலை நின்றது, 1991 ஆகஸ்டில் கிரேன் வைத்துத் தூக்கினார்கள். காலி இடத்தில் என்ன வைப்பது என்று பல வருடம் வாதம். குதிரைவீரன் சிலைதான் வேண்டும் என்று ஒரு பெரிய தரப்பு. 2017 போட்டியிலோ சோவியத் ஆட்சியை எதிர்த்துக் காட்டில் மறைந்து போரிட்ட போராளிகளின் பதுங்குகுழியை நினைவூட்டும் மேடு ஒன்று தேர்வானது. சிற்பி அரூனாஸ் சகலௌஸ்காஸ் செய்த குதிரைவீரன் கடைசியில் 2018-ல் கௌனாஸ் கோட்டை அருகே போய் நின்றான். சதுக்கம் காலியாகவே கிடக்க, 2020 கோடையில் நகராட்சி அங்கே மணல் கொட்டிக் கடற்கரை அமைத்ததும், சுற்றிலும் சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் சிறையும் தூக்குமேடையும் இருந்த இடத்தில் இப்படியா என்று நாடே கொதித்தது.

எனக்கு அந்தச் சதுக்கத்தில் குதிரைவீரன் வேண்டும் என்று தோன்றவில்லை. அவன் காசிலும், கடவுச்சீட்டிலும், மாளிகை மேலும் இருக்கிறான். காட்டில் பெயர் தெரியாமல் செத்த போராளிகளுக்குத் தலைநகரின் நடுவில் ஓர் இடம் இருந்தால் அது பெரிய மரியாதை.

---

கௌனாஸ்_கௌரி

கௌனாஸ் குதிரைவீரனை நான் அடிக்கடி பார்க்கிறேன் அண்ணா. பிள்ளைகள் பீடத்தில் ஏறி உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்பார்கள். யாரும் விரட்ட மாட்டார்கள்.

கீதத்தைப் பற்றி ஏட்டுச்சுவடி எழுதியதைப் படித்தவர்களுக்கு ஒரு தகவல். 2009 முதல் ஜூலை 6 அன்று, 1253-ல் லித்துவேனிய அரசர் மின்தௌகாஸ் முடிசூடிய நாளில், உலகில் எங்கிருந்தாலும் லித்துவேனியர்கள் வில்னியஸ் நேரம் இரவு 9 மணிக்கு ஒன்றாக அந்தக் கீதத்தைப் பாடுகிறார்கள். கோடையில் அந்த நேரத்துக்கு இங்கே வெயில் இன்னும் இருக்கும். இந்திய நேரப்படி இரவு 11.30. அவர்களுடைய பொது ஒளிபரப்பு நிறுவனம் எல்ஆர்டி நேரலையில் காட்டும். விருப்பமுள்ளவர்கள் பாருங்கள், வரிகளைத் தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்து அதற்கு முன்பே இங்கே போடுகிறேன்.